‘மம்மர்’: ஒரு பழஞ்சொல்லின் பொருளும் வழக்கும்

1. முன்னுரை

ஆங்கிலத்தில் ‘மம்மர்’ என்றொரு பழஞ்சொல் உண்டு. கிறித்து பிறப்புத் திருநாளை ஒட்டிய குளிர்கால நாள்களில் முகத்தை மறைத்து வேடமிட்டு, கூட்டமாகப் பிறர் வீடு புகுந்து களித்தோரை அச்சொல் குறித்தது. அவர்தம் செயல் ‘மம்மிங்’ எனப்பட்டது. ஏறத்தாழ 600 ஆண்டுகளாக வழங்கிவரும் இச்சொல் அரண்மனையிலும் தெருவிலும் சட்டநூலிலும் புதினத்திலும் இடம்பெற்றுள்ளது. இடத்துக்கு இடம் பொருள் வேறுபட்டும் உள்ளது. இங்கிலாந்தில் ஒரு நாட்டுப்புற நாடகத்தை நடிப்போரும், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் வேடமிட்டு அண்டைவீடு செல்வோரும், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் புத்தாண்டு ஊர்வலத்தில் ஆடிச் செல்வோரும் இன்று இந்த ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றனர்.

தமிழில் இச்சொல்லை ஆள நேரும் மொழிபெயர்ப்பாளரும் அகராதியாளரும் இரு சிக்கல்களை எதிர்கொள்கின்றனர். ஒன்று, ‘ஊமைக்கூத்தர்’ என்பது போன்ற ஒற்றைச் சொல்லால் இதன் பொருள் முழுவதும் அடங்குமா என்பது. மற்றொன்று, தமிழ் எழுத்தில் இச்சொல்லை எழுதியவுடன் அது சங்க இலக்கியம் அறிந்த ‘மம்மர்’ என்னும் தமிழ்ச் சொல்லோடு எழுத்து மாறாமல் ஒத்துவிடுகிறது என்பது. இவ்விரண்டையும் கருத்திற்கொண்டு, ஆங்கிலச் சொல்லின் பிறப்பு, பொருள் வளர்ச்சி, வட்டார வழக்கு ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சொற்பிறப்பு

‘மம்மர்’ என்னும் பெயர் ஆங்கிலத்தில் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதி முதல் காணப்படுகிறது. இதன் பிறப்பைக் குறித்து இரு கருத்துகள் உள்ளன.

முதற்கருத்து, இது பழைய பிரெஞ்சு மொழியின் ‘மொமேர்’ என்னும் வினையிலிருந்து வந்தது என்பதாகும். அவ்வினைக்கு முகமூடி அணிதல், வேடமிட்டு ஆடுதல் என்பன பொருள். டச்சு மொழியில் ‘மொம்’ என்பது முகமூடியைக் குறிக்கும். செருமானிய மொழியில் ‘ஃபெர்மும்மன்’ என்னும் வினை முகத்தையும் உடலையும் பிறர் அறியாவாறு மூடிக்கொள்வதைக் குறிக்கும். ‘மும்மன்ஷான்ஸ்’ என்பது முகமூடி விளையாட்டின் பெயர். இவையெல்லாம் சேர்ந்து, இச்சொல்லின் அடிப்பொருள் ‘மறைத்தல்’ என்பதைக் காட்டுகின்றன.

இரண்டாங்கருத்து, இச்சொல்லை ‘மம்’ என்னும் ஆங்கில ஒலிக்குறிப்போடு இணைப்பதாகும். இதழ்களை மூடிக்கொண்டு ஒலித்தால் எழும் ஒலியே ‘மம்’. பேசாமை, வாய்திறவாமை என்னும் பொருளில் இது 14ஆம் நூற்றாண்டிலேயே ஆளப்பட்டுள்ளது. ஒன்றைப் பிறரிடம் சொல்லாதே என்பதற்கு இன்றும் ஆங்கிலேயர் ‘மம்’ என்பர். முணுமுணுத்தலைக் குறிக்கும் ‘மம்பிள்’ என்பதும் இக்குடும்பத்ததே. இக்கருத்தின்படி இச்சொல்லின் அடிப்பொருள் ‘வாய் பேசாமை’. ‘ஊமைக்கூத்தர்’ என்னும் தமிழ் மொழிபெயர்ப்புக்கு அடிப்படை இதுவே.

பிரெஞ்சு வினையிலிருந்து சொல் வந்த வழியைப் பெரும்பாலான அகராதிகள் ஏற்கின்றன. எனினும், ஆங்கிலம் பேசியோர் அதனைத் தம் மொழியின் ‘மம்’ என்பதோடு இயல்பாகவே பொருத்திக்கொண்டனர். வேற்றுமொழியிலிருந்து வரும் சொல்லைத் தம் மொழியின் பழகிய அடியோடு சேர்த்து உணர்வது எல்லா மொழியாரிடமும் உள்ள இயல்பு. ஆகவே, ‘முகமூடியா, மௌனமா’ என்று ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளும் வினா பிறப்பாராய்ச்சிக்குப் பொருந்தலாம், வழக்காராய்ச்சிக்குப் போதாது. பேசுவோர் உணர்வில் இரண்டும் ஒருசேர இருந்தன என்பதைச் சான்றுகள் காட்டுகின்றன.

பதப்படுத்தப்பட்ட எகிப்தியப் பிணத்தைக் குறிக்கும் ‘மம்மி’ என்னும் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது பாரசீகத்தில் மெழுகைக் குறிக்கும் ‘மூம்’ என்பதன் அடியாகப் பிறந்து, அரபு வழியாக ஐரோப்பிய மொழிகளை அடைந்தது.

3. அரண்மனை வழக்கு

மம்மர்களின் செயலை விரிவாகக் காட்டும் பழைய நிகழ்ச்சி 1377ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்தது. இலண்டன் வரலாற்றாசிரியர் ஜான் ஸ்டோ 1598இல் வெளியிட்ட தம் நகர வரலாற்று நூலில் இதனைக் குறித்துள்ளார். நகரமாந்தர் 130 பேர் வேடமிட்டு, குதிரைகளில் ஏறி, தீவட்டிகளோடும் இசையோடும் இலண்டன் பாலத்தைக் கடந்து கென்னிங்டன் அரண்மனைக்குச் சென்றனர். அங்கே, அவ்வாண்டே இரண்டாம் ரிச்சர்டு என அரியணை ஏறவிருந்த பத்து வயது இளவரசன் தங்கியிருந்தான். வந்தவருள் சிலர் வீரராகவும், ஒருவர் பேரரசராகவும், ஒருவர் போப்பாண்டவராகவும், சிலர் கர்தினால்களாகவும் வேடம் புனைந்திருந்தனர். அவர்கள் இளவரசனை வணங்கி, வாய்திறவாமல் பகடைக் காய்களைக் காட்டி, ஆட அழைத்தனர். இளவரசன் எறியும்போதெல்லாம் வெல்லுமாறு காய்கள் அமைக்கப்பட்டிருந்தன. பொற்கிண்ணம் முதலியன அவனுக்குப் பரிசாயின. பின்னர் விருந்தும் ஆடலும் நிகழ்ந்தன.

இந்நிகழ்ச்சியில் மூன்று கூறுகள் கவனிக்கத்தக்கன. வந்தவர் முகம் மறைந்திருந்தது; அவர் பேசவில்லை; பகடை ஆட்டம் ஒன்று நிகழ்ந்தது. மூன்றாவது கூறு மேற்குறித்த செருமானியச் சொல்லை விளக்க உதவுகிறது. ‘மும்மன்ஷான்ஸ்’ என்பதன் பிற்பகுதி பகடை வீச்சைக் குறிப்பது. ஆங்கிலத்திலும் ‘மம்சான்ஸ்’ என்று ஒரு பகடை ஆட்டத்துக்குப் பெயர் இருந்தது. நாளடைவில் ஆட்டம் மறைந்தது, சொல் எஞ்சியது. ஆடுவோர் பேசாதிருந்தமையால், ‘மம்சான்ஸ்’ என்பது ‘பேச்சற்று நிற்கின்ற’ என்னும் பொருளுடைய பெயரடையாகிவிட்டது. பொருள் மறைய அதன் துணைக்கூறு மட்டும் சொல்லில் தங்குவதற்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

முகம் மறைத்தோரை அரண்மனைக்குள் விடுவது இடர் நிறைந்தது என்பதும் விரைவில் உணரப்பட்டது. 1400ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான்காம் ஹென்றி மன்னனை வின்சர் கோட்டையில் கொல்லச் சூழ்ந்தோர், மம்மிங் கொண்டாட்டத்தையே தம் சூழ்ச்சிக்குப் போர்வையாகக் கொண்டனர் என்று வரலாற்றுக் குறிப்புகள் கூறும். அதன்பின் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கிறித்து பிறப்பு நாள்களில் பொய்த்தாடியும் முகமூடியும் அணிந்து இரவில் திரியலாகாது என இலண்டன் நகராட்சி ஆணை பிறப்பித்தது. எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1511-12இல் இயற்றப்பட்ட சட்டம் முகமூடி அணிந்தோரை மட்டுமன்றி, முகமூடி விற்றோரையும் தண்டனைக்கு உரியவராக்கியது.

அதே காலத்தில், 1512இல், அம்மன்னனே சிலரோடு முகமூடி அணிந்து அவையில் ஆடினான். இத்தாலிய முறையில் அமைந்த இப்புதிய ஆட்டம் ‘மாஸ்க்’ எனப்பட்டது என்று எட்வர்டு ஹால் என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார். இவ்விரு செய்திகளையும் இணைத்துப் பார்த்தால் சொல் வரலாறு தெளிவாகும். தெருவில் மக்கள் செய்தது ‘மம்மிங்’. அவையில் மன்னன் செய்தது ‘மாஸ்க்’. செயல் ஏறத்தாழ ஒன்றே. செய்வோரின் நிலை வேறு. புதுச்சொல் அவைக்குரியதாக, பழஞ்சொல் தெருவுக்குரியதாக இறங்கியது.

4. இழிபொருட் பேறு

இவ்வாறு தெருவுக்கு இறங்கிய சொல் 16ஆம் நூற்றாண்டில் மேலும் இழிந்தது. ‘மம்மரி’ என்னும் கிளைச்சொல், உள்ளீடற்ற வெற்றுச் சடங்கு என்னும் பொருளை அக்காலத்தே பெற்றது. சமயச் சீர்திருத்தம் வேண்டியோர் கத்தோலிக்க வழிபாட்டு முறைகளைப் பழிக்க இச்சொல்லை ஆண்டனர். ‘மம்மர்’ என்பதும் நாடக நடிகரை எள்ளிக் கூறும் சொல்லாயிற்று. ஜார்ஜ் மூர் 1885இல் வெளியிட்ட புதினத்தின் தலைப்பான ‘எ மம்மர்ஸ் வைஃப்’ என்பதில் இச்சொல் ஊர் ஊராகச் செல்லும் நாடக நடிகனையே குறிக்கிறது. தமிழில் ‘கூத்தாடி’ என்னும் சொல் அடைந்த இழிவோடு இதனை ஒப்பிடலாம். கூத்து இழிந்ததன்று, கூத்தாடுவோரைச் சமுதாயம் நோக்கிய நோக்கே சொல்லின் மேல் ஏறியது.

இதே காலத்தில் இதற்கு இணையான மற்றொரு சொல்லும் வேறொரு வழியில் சென்றது. மாறுவேடத்தாரைக் குறிக்க 15ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் ‘கைசர்’ என்னும் சொல் வழங்கியது. ‘கைஸ்’ என்பது தோற்றம், கோலம். இது செருமானிய இனமொழிகளில் ‘முறை, விதம்’ என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிரெஞ்சுக்குச் சென்று, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. செருமானிய வகரம் பிரெஞ்சில் ககரமாவது ஒலியியல் விதி. ஆங்கிலத்தில் ‘வார்டு’, ‘கார்டு’ என ஒரே சொல் இருவடிவில் வழங்குவது இதனாலேயே. இவ்விதியின்படி, ‘அதர்வைஸ்’ என்பதில் உள்ள ‘வைஸ்’ என்பதும் ‘கைஸ்’ என்பதும் ஒருவேர்ச் சொற்களாகும்.

‘கைசர்’ ஸ்காத்லாந்தில் இன்றும் வாழ்கிறது. அங்கு அக்டோபர் 31 இரவில் வேடமிட்டு வீடுவீடாகச் சென்று, பாடியோ ஆடியோ தின்பண்டம் பெறும் சிறுவரின் வழக்கத்துக்கு ‘கைசிங்’ என்று பெயர். ஷெட்லந்துத் தீவின் லெர்விக் நகரில் சனவரித் திங்களின் கடைசிச் செவ்வாயன்று நிகழும் தீவட்டித் திருவிழாவில் பங்கேற்போரும் ‘கைசர்’களே, அவர்தம் தலைவருக்குக் ‘கைசர் யார்ல்’ என்பது பெயர். இலண்டன் கீழ்த்தட்டு மக்கள் வழக்கிலோ இச்சொல் ‘கீசர்’ எனத் திரிந்தது. 1885ஆம் ஆண்டளவில் அது விந்தையான கிழவரைக் குறிக்கும் எள்ளற் சொல்லாக அச்சேறியது. அதனை ஆளும் ஆங்கிலேயருள் பெரும்பாலோர்க்கு அதில் ஒரு வேடக்காரர் மறைந்திருப்பது தெரியாது.

5. நாடக வழக்கு

18ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தில் ‘மம்மர்’ என்னும் சொல் குறிப்பிட்டதொரு நாட்டுப்புற நாடகத்தோடு பிணைந்தது. அந்நாடகத்தில் புனித ஜார்ஜ் அல்லது ஜார்ஜ் மன்னன் துருக்கி வீரனோடு பொருவான், ஒருவன் மடிவான், தற்பெருமை பேசும் மருத்துவர் ஒருவர் வந்து அவனை உயிர்ப்பிப்பார், இறுதியில் காசு திரட்டப்படும். முழுதும் செய்யுள் உரையாடலால் ஆன இந்நாடகத்தில் நடிப்போர் வாய்திறந்து பேசுவர். பேசாமையை அடியாகக் கொண்டு உணரப்பட்ட சொல் இங்கே பேசும் நடிகரைக் குறிக்கிறது. ஆகவே, இப்பொருளில் ‘ஊமைக்கூத்தர்’ என மொழிபெயர்ப்பது நேர்மாறான கருத்தைத் தந்துவிடும்.

சாவும் உயிர்ப்பும் இந்நாடகத்தில் வருவதால், இது கிறித்தவத்துக்கு முற்பட்ட வளமைச் சடங்கின் எச்சம் என்று 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி ஆய்வாளர் பலர் கருதினர். ஆனால், நாடகப் பனுவல்கள் எவையும் 18ஆம் நூற்றாண்டுக்கு முன் தெளிவாகக் கிடைக்கவில்லை. மலிவுவிலைச் சிறுநூல்கள் வழியாகவே இந்நாடகம் பெரிதும் பரவியது என்பதும் பிற்கால ஆய்வுகளால் புலனாயிற்று. ‘மம்மர்’ என்னும் பெயரின் பழைமையை நாடகத்தின் மேல் ஏற்றியமையே முன்னோர் கொள்கைக்கு ஓரளவு காரணம் எனலாம். சொல் பழையது என்பதால் அது இன்று குறிக்கும் பொருளும் அத்துணைப் பழையது என்று கொள்ளலாகாது. தமிழ் நாட்டுப்புறக் கலைகளின் பெயர்களைக் கொண்டு அவற்றின் தொன்மையை நிறுவ முயல்வோர்க்கும் இஃது ஓர் எச்சரிக்கை.

இங்கிலாந்துக்குள்ளேயும் இந்நாடகத்தாருக்கு வட்டாரந்தோறும் பெயர் வேறு. செசயரில் ‘சோலர்’, லங்காசயரில் ‘பேஸ் எக்கர்’, சசெக்சில் ‘டிப்டீரர்’, குளொஸ்டர்சயரின் மார்ஷ்ஃபீல்டில், காகித நறுக்குகளால் ஆன உடையை நோக்கி, ‘பேப்பர் பாய்ஸ்’ எனப் பெயர்கள் அமைந்துள்ளன. சில, நிகழும் நாளைக் கொண்டும் சில, உடையைக் கொண்டும் அமைந்தவை.

தாமஸ் ஹார்டி 1878இல் வெளியிட்ட ‘த ரிட்டர்ன் ஆஃப் த நேட்டிவ்’ புதினத்தில் இவ்வழக்கம் கதையின் திருப்பமாகிறது. தான் காண விரும்பிய ஆடவன் இருக்கும் வீட்டினுள் புக வழியறியாத யூஸ்டேசியா, துருக்கி வீரன் வேடம் பூண்ட மம்மராகச் செல்கிறாள். முகத்தின்முன் தொங்கும் நாடாக்கள் அவளை மறைக்கின்றன. அழைப்பில்லாத ஒருவர் அழைப்பில்லாமலே உள்ளே செல்ல வேடம் தரும் உரிமையை ஹார்டி நன்கு உணர்ந்திருந்தார். அவ்வுரிமை இச்சொல்லின் பொருளில் ஓர் இன்றியமையாக் கூறு என்பதை அடுத்த பகுதி காட்டும்.

6. நியூஃபவுண்ட்லாந்து வழக்கு

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியிலிருந்தும் அயர்லாந்தின் தென்கிழக்குப் பகுதியிலிருந்தும் மீன்பிடித் தொழிலுக்காகக் குடியேறியோர் நியூஃபவுண்ட்லாந்துக்கு இவ்வழக்கத்தையும் சொல்லையும் கொண்டுசென்றனர். அங்குள்ள சிற்றூர்களில் டிசம்பர் 26 முதல் சனவரி 6 வரை மக்கள் வேடமிட்டு அண்டைவீடுகளுக்குச் செல்வர். தலையணை உறையாலோ சன்னல் திரையின் மென்துணியாலோ முகத்தை மூடுவர். ஆடவர் பெண்ணுடையும் பெண்டிர் ஆணுடையும் அணிவர். துணிப்பொதி வைத்து முதுகைக் கூனாக்குவர். கையைப் பார்த்தே ஆளைக் கண்டுகொள்வர் என்பதால் கையுறையும் இடுவர்.

கதவைத் தட்டுவதே இவ்வழக்கின் முதல் அடையாளம். ஒருவரையொருவர் நன்கறிந்த அச்சிற்றூர்களில் அயலார் கதவைத் தட்டாமல் நேரே உள்ளே வருவது மரபு. தட்டுபவர் அந்நியர். ஆகவே, தட்டும்போதே வந்தவர் தம்மை அந்நியராக்கிக் கொள்கிறார். பின், மம்மர்கள் உள்ளே வரலாமா என்று மாற்றுக் குரலில் கேட்பர். உள்ளே வந்தவுடன் வீட்டார் அவரைத் தொட்டும் சீண்டியும் வினவியும் யாரெனக் கண்டறிய முயல்வர். பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் வேடத்தார் முகத்தை வெளிப்படுத்த வேண்டும். அதன்பின் அவர் விருந்தினர். பணியாரமும் குடிவகையும் தரப்படும்.

மொழியியலார்க்கு இதில் மிகச் சுவையானது குரல் மாற்றும் முறை. மூச்சை வெளிவிட்டுப் பேசுவதற்கு மாறாக, மூச்சை உள்ளிழுத்துக்கொண்டே அவர்கள் பேசுவர். தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்துகளின் பிறப்பை உந்தியிலிருந்து மேலெழும் வளியைக் கொண்டே விளக்குகிறது. இன்றைய ஒலியியலும் இயல்பான பேச்சுக்கு வெளிச்செல்லும் மூச்சையே அடிப்படையாகக் கொள்கிறது. சுகாந்தினேவிய நாடுகளிலும் அட்லாண்டிக் கனடாவிலும் ‘ஆம்’ என்பதை உள்மூச்சில் சொல்லும் பழக்கம் உண்டெனினும், தொடர்ந்த பேச்சு முழுவதையும் அவ்வாறு நிகழ்த்துவது அரிது. உள்மூச்சில் பேசும்போது குரல்நாண்களின் அதிர்வு ஒழுங்கிழக்கிறது; குரலின் தனித்தன்மை அழிகிறது; சொல் விளங்கும், ஆனால் சொன்னவர் யாரென விளங்காது.

இச்செய்தி இரண்டாம் பகுதியில் எழுந்த வினாவுக்கு விடை தருகிறது. மனிதரை அடையாளம் காட்டுவது முகம் மட்டுமன்று. குரலும் ஒரு முகமே. முகத்தை மூடியவர் தம் குரலில் பேசினால் மூடியது வீண். எனவே, அவர் பேசாதிருக்க வேண்டும், அல்லது குரலை மாற்ற வேண்டும். 1377இல் இலண்டன் மாந்தர் முன்னதைச் செய்தனர்; நியூஃபவுண்ட்லாந்து மீனவர் பின்னதைச் செய்தனர். ‘முகமூடி’ என்னும் பொருளும் ‘மௌனம்’ என்னும் பொருளும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ‘தன்னை மறைத்தல்’ என்னும் ஒரே பொருளின் இரு பக்கங்கள்.

இச்சொல்லின் இலக்கணமும் இத்தீவில் மாறியது. இங்கிலாந்தில் ‘மம்’ வினையடி, ‘மம்மர்’ அதனைச் செய்வோர், ‘மம்மிங்’ தொழிற்பெயர். நியூஃபவுண்ட்லாந்திலோ ‘மம்மர்’ என்பதே வினையடியாகவும் கொள்ளப்பட்டு, அதிலிருந்து ‘மம்மரிங்’ என்னும் தொழிற்பெயர் பிறந்தது. செய்வோர் பெயரிலிருந்து வினை பிறந்தமை, பேசுவோர் கருத்தில் செயலினும் செய்வோரின் உருவமே முதன்மை பெற்றதைக் காட்டுகிறது. ‘ஜானி’ என்னும் வேறொரு பெயரும் இதே பொருளில் அங்கு வழங்குகிறது. 1982இல் வெளிவந்த நியூஃபவுண்ட்லாந்து ஆங்கில அகராதி இவ்வடிவங்களைப் பதிவு செய்துள்ளது. ஹெர்பர்ட் ஹால்பர்ட்டும் ஜி.எம். ஸ்டோரியும் பதிப்பித்து 1969இல் வெளிவந்த கட்டுரைத் தொகுதி இவ்வழக்காய்வுக்கு அடிப்படை நூலாகும்.

இங்கும் முகமூடி பகைக்குத் துணைபோயிற்று. 1860 டிசம்பர் 28 அன்று பே ராபர்ட்ஸ் என்னும் ஊரில் ஐசக் மெர்சர் என்பவர் முகமூடி அணிந்த கூட்டத்தாரால் தாக்கப்பட்டு உயிரிழந்தார். 1861இல் இயற்றப்பட்ட சட்டம், நீதிபதியின் எழுத்துவழி அனுமதியின்றி மம்மராக உடுத்தியோ முகமூடி அணிந்தோ வேறுவகையில் உருமாறியோ பொதுவிடத்தில் காணப்படுவோர் பொதுத்தொல்லை விளைவித்தோர் ஆவர் என்றது. ‘மம்மர்’ இதனால் சட்டச்சொல் ஆயிற்று. சட்டம் தெருவைத் தடுத்தது. சிற்றூர் வீடுகளில் வழக்கம் தொடர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் ‘சிமானி’ என்னும் இசை இணையர் இவ்வழக்கத்தைப் பற்றி வெளியிட்ட பாடலால் சொல் மீண்டும் பெருவழக்குப் பெற்றது. 2009 முதல் தலைநகரான செயின்ட் ஜான்சில் மம்மர் விழாவும் நடத்தப்படுகிறது. ஒருகாலத்தில் குற்றத்தைச் சுட்டிய சொல் இன்று மரபுரிமையைச் சுட்டுகிறது.

பிலடெல்பியா வழக்கு இதனின் வேறானது. அங்கு 1901 சனவரி 1 முதல் நகர ஆதரவுடன் நடந்துவரும் ஊர்வலத்தில் மம்மர் என்பவர் ஒரு கழகத்தின் உறுப்பினர். இறகும் பட்டும் அணிந்து நரம்பிசைக் கருவிகளோடு ஆடிச்செல்பவர். அவருக்கு மௌனம் இல்லை, மறைவும் இல்லை. காணப்படுவதே அவர் நோக்கம்.

7. தமிழ் ‘மம்மர்’

தமிழில் ‘மம்மர்’ என்பது மயக்கம், கலக்கம், துயரம் ஆகிய பொருள்களில் சங்க இலக்கியம் முதல் வழங்கிய சொல். வேடமிட்டோரைக் கண்டால் மனம் மயங்கும். ஆகவே ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து சென்றது என்று கூற ஒருவர் முற்படலாம். இத்தகைய கூற்றுகள் நம்மிடையே புதியனவல்ல. ஒலியும் பொருளும் ஓரளவு ஒத்தமையால் மட்டும் உறவு நிறுவப்படாது. சொல் சென்ற வழி, இடைப்பட்ட மொழிகளில் அதன் வடிவம், ஒழுங்கான ஒலி வேறுபாடு ஆகிய மூன்றும் காட்டப்பட வேண்டும்.

இங்கு அவை இல்லை. மேலும், ஆங்கிலச் சொல்லின் இறுதியில் உள்ள ‘அர்’ செய்வோரை உணர்த்தும் விகுதி. அதனை நீக்கினால் எஞ்சுவது ‘மம்’. தமிழ்ச் சொல்லில் அவ்வாறு பிரிக்கக்கூடிய விகுதி இல்லை. அது பண்பை உணர்த்தும் ஒரு பெயர். ஆகவே ஒற்றுமை தற்செயலானது. இதற்கு நேர்மாறாக, சற்றும் ஒலியொப்புமை இல்லாத ‘கைஸ்’ என்பதும் ‘வேதம்’ என்பதும், காணுதல், அறிதல் என்னும் பொருளுடைய ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் வழியினவாகக் கொள்ளப்படுகின்றன. ஒத்தவை உறவாகாமலும், ஒவ்வாதவை உறவாகியும் நிற்பதே சொற்பிறப்பியலின் இயல்பு.

எனினும், எழுத்தொப்புமை ஒரு நடைமுறை இடர். ‘மம்மர் வந்தனர்’ என்னும் தொடரில், ‘கூத்தர் வந்தனர்’ என்பதுபோலத் தமிழ்ப் பலர்பால் ஈறாகவே ‘அர்’ தோன்றும். ஒருமைக்கு ‘மம்மன்’ என எழுதும் பிழைக்கும் அஃது இடந்தரும். பழந்தமிழ் அறிந்தவர்க்கோ மயக்கம் என்னும் பொருள் முதலில் தோன்றும். எனவே, கடன்சொல்லாக ஆளும்போது ஒருமையில் ‘ஒரு மம்மர்’ எனவும் பன்மையில் ‘மம்மர்கள்’ எனவும் எழுதுவது நன்று. பழந்தமிழ்ப் பெயர் ‘கள்’ ஈறு ஏலாது. ஆதலின், மயக்கம் நீங்கும்.

8. மொழிபெயர்ப்பு நெறி

மேற்கண்டவற்றால், இச்சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் எல்லா இடத்தும் பொருந்தாது என்பது பெறப்படும். இடைக்கால அரண்மனை வழக்குக்குப் ‘பொய்முகத்தார்’ என்பது பொருந்தும். இங்கிலாந்தின் நாடக வழக்குக்கு ‘வேடக்கூத்தர்’ என்பது ஏற்கும். பழிச்சொல்லாக வரும்போது ‘கூத்தாடி’ என்பதும், ‘மம்மரி’ என்பதற்கு ‘வெற்றுச் சடங்கு’ என்பதும் இயல்பானவை. பிலடெல்பியாவினரைக் குறிக்க ‘வேட ஊர்வலத்தார்’ எனலாம்.

நியூஃபவுண்ட்லாந்து வழக்குக்கே தமிழில் நேர்ச்சொல் இல்லை. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவில் அடியார்கள் காளி, குரங்கு முதலான வேடம் அணிந்து ஊர்தோறும் சென்று காணிக்கை திரட்டுகின்றனர். வேடமிடலும் வீடு செல்லலும் பெறுதலும் இங்கும் உண்டு. ஆயின், இது நேர்த்திக்கடன். வேடமிட்டவர் யாரெனக் கண்டுபிடிப்பது அதன் நோக்கமன்று. வட இந்தியப் ‘பகுரூபி’ சற்று நெருங்கி வருகிறார். அவர் காவலராகவோ துறவியாகவோ வந்து மெய்யென நம்பச் செய்து, பின் தம்மை வெளிப்படுத்திப் பரிசில் பெறுவார். மறைத்தலும் வெளிப்படலும் இவ்விரண்டிலும் உண்டு. ஆனால், பகுரூபி தொழிற்கலைஞர். மம்மரோ நாளும் காணும் அயல்வீட்டார். தெரிந்தவர் தெரியாதவராகி மீண்டும் தெரிந்தவராவதே அங்குச் சொல்லின் உயிர்ப்பொருள். ஆதலால், அவ்விடத்தில் ‘மம்மர்’ என்பதையே ஆண்டு, முதல் ஆட்சியில் விளக்கம் தருவதே தக்கது.

9. முடிவுரை

‘மம்மர்’ என்னும் சொல்லின் வரலாற்றில் முகமூடி, மௌனம், பகடை, நாடகம், ஊர்வலம் எனப் பல கூறுகள் சேர்ந்தும் விலகியும் உள்ளன. பிலடெல்பியா வழக்கு ஒழிந்த ஏனைய வழக்குகளில் தொடர்ந்து நிற்பது, அறியப்படாதவராகப் பிறர் வாயிலுக்குச் செல்லும் உரிமை. ஆட்சியாளர் அஞ்சியது அவ்வுரிமைக்கே. மக்கள் போற்றியதும் அதனையே. அகராதியாளர் இச்சொல்லுக்கு முதற்பொருளாக ‘ஊமைக்கூத்தர்’ என்பதை வைக்காமல், ‘தம்மை மறைத்து வேடமிட்டு விழாநாளில் பிறர் வீடு செல்வோர்’ என்பதை வைத்து, ஏனைய பொருள்களைக் காலமும் இடமும் சுட்டிப் பின்னர்த் தருவது பொருத்தமாகும். இருமொழி அகராதிகளில் வழக்காறுகளைக் குறிக்கும் சொற்கள் பலவற்றுக்கும் இம்முறை பயன்படும். செயலின் ஒரு கூறை மட்டும் மொழிபெயர்த்தால், அச்செயலைச் செய்தவர் எதற்காக அதனைச் செய்தார் என்பது அகராதிக்கு வெளியே நின்றுவிடும்.